எண்ணிப் பார்த்த பேராயர்

கேள்வி எளியது. சிறுவனும் கேட்கக்கூடியது. ஆனால் கேட்கக் கூடாத இடத்தில் கேட்கப்பட்டது. கேட்கக் கூடாதவர் என்று கருதப்பட்டவரால் கேட்கப்பட்டது.

பெருவெள்ளம் நிலவுலகை மூடியதே, அப்போது வெப்ப நாட்டு விலங்குகளும் குளிர் நாட்டு விலங்குகளும் இணை இணையாக வந்து நோவாவின் பேழைக்குள் நுழைந்தனவா? அத்தனைக்கும் அவர் உணவு சேர்த்து வைத்தாரா? ஊன் தின்னும் விலங்குக்கும் பறவைக்குங்கூடவா? இவை யாவும் உண்மைதாமா?

கேட்டவர் வில்லியம் என்கிடி. தென்னாப்பிரிக்காவில் நேட்டால் நாட்டு ஜூலு இனத்தவர். கேட்கப்பட்டவர் ஜான் வில்லியம் கொலன்சோ. இங்கிலாந்துத் திருச்சபை அந்நாட்டுக்கு அனுப்பிவைத்த பேராயர். இருவரும் ஒரே மேசையின் இரு பக்கத்தில் அமர்ந்து, எபிரேய மறையின் முதல் ஏடாகிய ஆதியாகமத்தை ஜூலு மொழியில் பெயர்த்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. மறையைக் கற்பிக்கச் சென்றவர் பேராயர். மொழியைக் கற்பித்தவர் என்கிடி. யார் ஆசிரியர், யார் மாணவர் என்று பிரித்துக் கூறுவது அந்த மேசையருகே எளிதன்று.

நேட்டால் தமிழனுக்குப் புதிய பெயரல்ல. 1860 நவம்பர் 16-இல், சென்னையிலிருந்து சென்ற துரூரோ என்னும் கப்பல், கரும்புத் தோட்டங்களுக்கென ஒப்பந்தத் தொழிலாளரை டர்பன் துறையில் இறக்கியது. தமிழ் பேசியோர் பலர் அதில் இருந்தனர். அவர்கள் அங்கே கரும்பு வெட்டத் தொடங்கிய அதே காலத்தில்தான், உள்நாட்டிலே பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகருக்கு அருகில், இந்தக் கேள்வி எழுந்தது. இலண்டன் வரை எட்டியது. இங்கிலாந்தின் கோயில்களை உலுக்கியது.

கொலன்சோ 1814-இல், கார்ன்வால் பகுதியில் பிறந்தவர். செல்வக் குடியினர் அல்லர். கேம்பிரிட்ஜில் கணிதம் கற்றுப் புகழ் பெற்றார். ஹாரோ பள்ளியிலே கணித ஆசிரியராகப் பணிபுரிந்தார். எண்கணிதத்துக்கும் இயற்கணிதத்துக்கும் அவர் எழுதிய பாடநூல்கள் ஆங்கிலப் பள்ளிகளில் நெடுங்காலம் வழங்கின. 1853-இல் நேட்டாலின் பேராயரானார். அங்கே அமைத்த நிலையத்துக்கு எகுகான்யேனி என்று பெயர். ஒளியின் இடம் என்பது பொருள். ஜூலு மொழிக்கு இலக்கணம் எழுதினார்; 1861-இல் அகராதி வெளியிட்டார். மக்கள் அவரைச் சொபாண்டு என்றழைத்தனர். மக்களின் தந்தையாம்!

அத்தகையவரிடந்தான் அந்தக் கேள்வி வந்தது. மழுப்பியிருக்கலாம். இறைவனால் ஆகாதது ஏது என்று கூறி ஏட்டை மூடியிருக்கலாம். வகுப்பில் நிற்கும் என் போன்றோர் அறிவர், விடை தெரியாதபோது கேள்வி கேட்டவனை அடக்கிவிடுவது எத்துணை எளிது என்பதை! கொலன்சோவால் அது இயலவில்லை. நிலவியல் நூல்களைப் பயின்றவர் அவர். உலகு தழுவிய வெள்ளம் அக்கதையிற் கண்டவாறு நிகழ்ந்திருக்க முடியாது என்று அறிந்தவர். அறிந்ததை ஒளித்து, நம்பாததை நம்புக என்று நம்பி வந்தவரிடம் சொல்வதா? கடவுளின் பெயரால் பொய்யுரைப்பதா? எபிரேயத் தீர்க்கன் ஒருவனின் கண்டனமே அப்போது தம் நெஞ்சில் எழுந்ததாக அவர் எழுதினார்.

இன்னொரு நாள், யாத்திராகமத்தில் அடிமைகளைப் பற்றிய சட்டத்தைப் பெயர்த்துக்கொண்டிருந்தனர். தலைவன் அடிமையைக் கோலால் அடித்து, அடிபட்டவன் ஓரிரு நாள் உயிரோடிருந்து பின் மாண்டால், அடித்தவனுக்குத் தண்டனை இல்லை. ஏனெனில் அடிமை அவனுடைய பணம் என்பது அச்சட்டத்தின் கருத்து. இதை ஜூலு மொழியில் சொல்லக் கேட்ட துணைவரின் முகத்தில் தோன்றிய அருவருப்பைத் தம்மால் மறக்கவே முடியாது என்று பேராயர் குறித்திருக்கிறார். எல்லா மக்களையும் படைத்த அன்புருவான கடவுளா இப்படிச் சொன்னார்? அறிவு எழுப்பிய ஐயம் வெள்ளத்தைப் பற்றியது. அறம் எழுப்பிய ஐயம் இது. இரண்டில் பெரியது இதுவே என்பது என் எண்ணம்.

ஐரோப்பாவிலிருந்து நூல்களை வரவழைத்தார் கொலன்சோ. ஜெர்மானியர் எழுதிய ஆராய்ச்சி நூல்களைப் புரட்டலானார். புரட்டியபோது ஓர் உண்மை புலப்பட்டது. தமக்குத் தோன்றிய ஐயம் தமக்கு மட்டும் தோன்றியதன்று!

ஐந்து ஆகமங்களையும் மோசேயே எழுதினார் என்பது யூதரும் கிறித்தவரும் வழிவழியாகக் கொண்ட நம்பிக்கை. மோசே மாண்டதும் புதைக்கப்பட்டதும் அந்த ஐந்தாம் ஏட்டின் இறுதியில் எழுதப்பட்டுள்ளனவே, அவற்றை எழுதியது யார்? பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே, ஸ்பெயின் நாட்டில் தோன்றிய யூத அறிஞர் ஆபிரகாம் இப்னு எஸ்ரா, இத்தகைய இடங்களைப் புதிர்போல் சுட்டி, அறிந்தவன் வாய் திறவாதிருக்கட்டும் என்னும் பொருள்படக் குறிப்பு எழுதிவைத்தார். வாய் திறந்தவர் ஸ்பினோசா. 1656-இல், இருபத்து மூன்று வயதில், ஆம்ஸ்டர்டாம் யூத சபையால் சபித்து விலக்கப்பட்டவர். 1670-இல் பெயரின்றி வெளியிட்ட நூலில், இப்னு எஸ்ராவின் புதிரை அவிழ்த்துக் காட்டினார். நூலுக்குத் தடை வந்தது. 1678-இல் பிரெஞ்சுக் கத்தோலிக்கக் குருவான ரிஷார் சிமோன் எபிரேய மறையின் வரலாற்றை ஆராய்ந்து எழுதினார். அச்சிட்ட படிகள் அழிக்கப்பட்டன, அவரைத் துறவியர் சபை வெளியேற்றியது.

1753-இல் வந்தவர் ழான் அஸ்த்ருக். இவர் குரு அல்லர், மருத்துவர். மோசேயின் பெருமையைக் காக்கவேண்டுமென்றே எழுதப் புகுந்தவர். ஆனால் அவர் கண்டுபிடித்ததோ வேறு விளைவைத் தந்தது. ஆதியாகமத்தில் சில பகுதிகள் கடவுளை எலோகிம் என்கின்றன. சில பகுதிகள் யாவே என்கின்றன. பெயரை வைத்துப் பகுதிகளைப் பிரித்து, எதிரெதிரே நிறுத்தினார் அஸ்த்ருக். ஒரே கதை இருமுறை சொல்லப்பட்ட இடங்கள் பளிச்செனத் தெரிந்தன.

வெள்ளக் கதையையே பாருங்கள். ஓரிடத்தில், ஒவ்வோர் இனத்திலும் ஓர் இணையைப் பேழையில் சேர் என்று ஆணை. சிறிது தள்ளி, தூய விலங்குகளில் ஏழேழு என்று ஆணை. ஓரிடத்தில் நாற்பது நாள் மழை. ஓரிடத்தில் நூற்றைம்பது நாள் நீர் வற்றாது நின்றது. ஒருவரே எழுதினால் இப்படியா எழுதுவார்? இரு கதைகள், இரு கைகள், பின்னர் வந்த தொகுப்பாளர் ஒருவர் இரண்டையும் இழக்க மனமின்றி ஒன்றாகப் பின்னிவிட்டார். என்கிடியின் கேள்விக்கு அறிஞர் ஏட்டில் கிடைத்த விடை இது.

1805-இல் தெ வெட்டே என்னும் ஜெர்மானிய இளைஞர் அடுத்த அடி எடுத்துவைத்தார். ஐந்தாம் ஏடாகிய உபாகமம் ஏனைய நான்கினும் வேறான ஒருவரது ஆக்கம் என்றார். அரசன் யோசியாவின் ஆட்சியில், கி.மு. 622-ஐ ஒட்டி, எருசலேம் கோயிலில் கண்டெடுக்கப்பட்டதாக வரலாறு கூறும் சட்டநூலோடு அது தொடர்புடையது என்னும் கருத்து இதனால் வலுப்பெற்றது. மோசேயின் காலத்தது என்று போற்றப்பட்ட ஏட்டுக்கு, பல நூற்றாண்டுக்குப் பிந்திய ஒரு காலம் கிடைத்தது.

இவற்றையெல்லாம் கற்ற கொலன்சோ, தம் பங்குக்குத் தமக்குத் தெரிந்த கருவியைக் கையிலெடுத்தார். தெரிந்த கருவி எது? கணக்கு!

எகிப்திலிருந்து வெளியேறியோரில், இருபது வயதும் அதற்கு மேலும் ஆன ஆடவர் 6,03,550 பேர் என்கிறது எண்ணாகமம். பெண்டிர், குழந்தைகள், முதியோரையும் சேர்த்தால் இருபது இலட்சத்துக்குக் குறையாது. தலைப்பிள்ளைகளான ஆண்கள் எத்தனை பேர்? 22,273 என்று அதே ஏடு கூறுகிறது. வகுத்துப் பாருங்கள். வயது வந்த ஆடவரை மட்டும் கணக்கிட்டாலும், ஒரு தலைப்பிள்ளைக்கு 27 ஆடவர்! சிறுவரையும் சேர்த்தால் ஒரு தாய்க்கு நாற்பதுக்கு மேற்பட்ட ஆண்மக்கள் இருந்திருக்க வேண்டும்.

சபையார் அனைவரும் ஆசாரிப்புக் கூடாரத்தின் வாயிலில் கூடினர் என்கிறது லேவியராகமம். கூடாரத்தின் அகலம் பத்து முழம்; ஏறத்தாழ 18 அடி. நெருக்கி நின்றால் வரிசைக்கு ஒன்பது பேர் நிற்கலாம். ஆறு இலட்சம் ஆடவரும் வரிசை வரிசையாக நின்றால், அந்த அணிவகுப்பின் நீளம் ஏறத்தாழ 20 மைல்! கடைசியில் நின்றவர் காதில் மோசேயின் குரல் எப்படி விழுந்தது?

பிள்ளை பெற்ற ஒவ்வொரு தாயும் ஒரு புறாவைப் பாவநிவாரண பலியாகச் செலுத்தவேண்டும்; அதன் இறைச்சியைக் குருமார் தூய இடத்தில் உண்ணவேண்டும். குருமார் எத்தனை பேர்? ஆரோனும் அவர் மைந்தர் இருவரும், ஆக மூவர். அந்த மக்கள்தொகையில் நாளொன்றுக்கு 250 பிறப்பு என்று மதிப்பிட்டார் கொலன்சோ. அப்படியானால் ஒவ்வொரு குருவும் ஒவ்வொரு நாளும் எண்பதுக்கு மேற்பட்ட புறாக்களை உண்டு தீர்த்திருக்க வேண்டும். பாலைவனத்தில் அத்தனை புறா எங்கிருந்து வந்தது என்பது தனிக் கேள்வி.

கேலிக்காகச் செய்த கணக்கன்று இது. கொலன்சோ கடவுள் நம்பிக்கையை இழக்கவில்லை, குருவுடையைக் களையவில்லை, கடைசி நாள் வரை மறையை ஓதினார், வழிபாடு நடத்தினார். இந்த ஏடுகள் நடந்ததை நடந்தவாறு கூறும் வரலாறு அல்ல என்பதே அவர் சொன்னது. அவற்றுள் ஒளிரும் அறத்தை வணங்குவதற்குப் பொய்யான எண்களையும் வணங்கவேண்டிய தேவை இல்லை என்பதே அவர் கொண்டது.

1862-இல் நூலின் முதற்பகுதி இலண்டனில் வெளிவந்தது. பல்லாயிரக் கணக்கில் விற்றது. வந்தது புயல்! பதவி விலகுமாறு சக பேராயர்கள் பலர் ஒன்றுகூடி வேண்டினர். மறுப்பு நூல்கள் குவிந்தன. ஜூலுவை மதம் மாற்றச் சென்ற பேராயரை ஜூலு மதம் மாற்றிவிட்டானாம் என்று நாடெங்கும் நகையாடினர்.

இங்கே சற்று நின்று எண்ணவேண்டும். ஜெர்மானியப் பேராசிரியர் அரை நூற்றாண்டுக் காலமாக இதைவிடக் கடுமையாக எழுதியிருந்தனர். அவர்தம் நூல்கள் இங்கிலாந்தின் கல்லூரி நூலகங்களில் இருந்தன, கற்றோர் படித்தனர், வாய் மூடிக்கொண்டனர். கொலன்சோ மீது மட்டும் ஏன் இத்தனை சீற்றம்?

மாத்யூ ஆர்னால்டு, கவிஞர், திறனாய்வாளர், விரிந்த நோக்கினர் என்று இன்றும் புகழப்படுபவர். 1863-இல் எழுதிய கட்டுரையில் கொலன்சோவை ஸ்பினோசாவோடு ஒப்பிட்டுத் தாழ்த்தினார். ஸ்பினோசா எழுதியது இலத்தீனில், கற்ற சிலருக்காக. பேராயரோ எல்லோரும் படிக்கும் மொழியில், எல்லோர்க்கும் புரியும் கூட்டல் கழித்தலில் எழுதிவிட்டார். கற்றோர்க்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. கல்லாதார்க்கு இதனால் நன்மை இல்லை. இதுவே ஆர்னால்டின் வழக்கு.

பழைய மதவாதி பேசினால் வியப்பில்லை. பண்பாட்டின் காவலர் பேசினார், உண்மை சிலர்க்கே உரியது என்று! ஆக, குற்றம் எது? சொன்ன செய்தியில் இல்லை. சொன்ன மொழியில் இருந்தது. ஏட்டறிவு மேன்மக்களின் மேசையில் இருக்கும்வரை அதற்குப் பெயர் ஆராய்ச்சி. சந்தைக்கு வந்துவிட்டால் அதற்குப் பெயர் நாத்திகம். அந்தச் சந்தைக்கு அதை இழுத்து வந்தது ஒரு கறுப்பு மனிதரின் கேள்வி என்பதைத்தான் பெரும்பாலோரால் செரித்துக்கொள்ள முடியவில்லை.

1863-இன் இறுதியில் கேப்டவுனில் விசாரணை. தென்னாப்பிரிக்கத் தலைமைப் பேராயர் ராபர்ட் கிரே நீதிபதியாக அமர்ந்தார். குற்றஞ்சாட்டப்பட்டவரோ இங்கிலாந்தில் இருந்தார்; கிரேயின் அதிகாரத்தை அவர் ஏற்கவில்லை. பதவி நீக்கம் என்று தீர்ப்பாயிற்று. கொலன்சோ இலண்டனில் பிரிவி கவுன்சிலுக்குச் சென்றார். 1865-இல் அந்தத் தீர்ப்பு செல்லாது என்று ஆயிற்று. நிறுத்திவைத்த ஊதியத்தையும் நீதிமன்றம் 1866-இல் மீட்டுக் கொடுத்தது. கிரே சட்டத்தில் தோற்றார், சாபத்தை எடுத்தார். அதே 1866-இல் கொலன்சோ திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டார் என்ற அறிக்கை, அவருடைய சொந்தக் கோயிலிலேயே படிக்கப்பட்டது. சாபம் ஒருபுறம் ஒலிக்க, பேராயர் மறுபுறம் மேடையேறிப் பேசிக்கொண்டுதான் இருந்தார். ஒரே ஊரில் இரு கட்சி, இரு சபை. வழக்கு மேல் வழக்கு.

ஆர்னால்டு கூறியதுபோல் கற்றோர்க்கு இதில் ஒன்றுமே இல்லையா? ஹாலந்து நாட்டின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் ஆபிரகாம் கூனன் என்றொரு பேரறிஞர் இருந்தார். கொலன்சோவின் கணக்கைப் படித்ததும் அவர் சிந்தனை ஒரு புதுத் திசையில் திரும்பியது. ஆகமங்களில் எண்ணும் அளவும் பட்டியலும் நிறைந்து, சடங்கு முறைகளை ஒழுங்காகக் கூறும் பகுதிதான் மிகப் பழமையானது, அடித்தளமானது என்று அதுவரை அறிஞர் நம்பினர். ஒழுங்கைக் கண்டு உண்மை என்று மயங்கினர். கொலன்சோவின் கணக்கில் தவிடுபொடியான எண்கள் பெரும்பாலும் எங்கிருந்தவை? அந்தப் பகுதியில் இருந்தவை! நிகழ்ச்சிக்கு அருகிலிருந்தவர் எழுதியிருந்தால் இவ்வளவு பொருந்தாத எண்கள் எப்படி வரும்? அந்தப் பகுதிதான் கடைசியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். யூதர் நாடிழந்து பாபிலோனில் வாழ்ந்த காலத்தையோ அதற்குப் பிந்திய காலத்தையோ சேர்ந்ததாக இருக்கவேண்டும் என்ற முடிவை நோக்கி கூனன் நகர்ந்தார். அவ்வழியே கிராஃப் வந்தார். 1878-இல் யூலியுஸ் வெல்ஹௌசன் தம் பெருநூலில் அதை நிலைநாட்டினார். வேடிக்கை என்னவென்றால், கொலன்சோ அந்த முடிவை முழுதும் ஏற்கவே இல்லை. கதைப் பகுதி பழையதே என்று இறுதி வரை வாதாடினார்!

வெல்ஹௌசனின் கட்டடமும் அப்படியே நிற்கவில்லை. 1970-களிலிருந்து அதன் பகுதிகளை அறிஞர் பிரித்தும் மாற்றியும் வருகின்றனர்; எத்தனை மூலநூல், எந்தக் காலம் என்பதில் இன்றும் கடும் போர். ஆனால் ஒரே கை எழுதவில்லை என்பதைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி மீண்டும் ஐயுறவில்லை. அன்றோ, அதைச் சொன்னவர்கள் விலை கொடுத்தனர். ஸ்காட்லாந்தில் வில்லியம் ராபர்ட்சன் ஸ்மித், கலைக்களஞ்சியத்தில் எழுதிய ஒரு கட்டுரைக்காக, நெடிய விசாரணைக்குப் பின் 1881-இல் அபர்தீன் கல்லூரிப் பதவியை இழந்தார். வெல்ஹௌசன் தாமே 1882-இல் இறையியல் பேராசிரியப் பதவியை விட்டு வெளியேறினார். தம் பாடம் மாணவரைக் குருத்தொழிலுக்குத் தகுதியாக்கவில்லை என்று மனம் உறுத்தியதாம். நேர்மையாளர்.

இனி நேட்டாலுக்கு வருவோம். 1873-இல் ஹ்லுபி மக்களின் தலைவர் லங்காலிபலேலே மீது ஆட்சியாளர் பாய்ந்தனர். இளைஞர் வைத்திருந்த துப்பாக்கிகளைப் பதிவு செய்யவில்லை என்பதில் தொடங்கியது தகராறு. கலகம் என்று பெயரிடப்பட்டது. படை சென்றது. மக்கள் கொல்லப்பட்டனர், நிலமும் மாடும் பறிபோயின. 1874-இல் தலைவருக்கு விசாரணை நடந்தது. அவருக்காக வாதாட முறையான வழக்கறிஞர் இல்லை. வாழ்நாள் முழுதும் ராபன் தீவில் சிறை என்று தீர்ப்பு.

அரசின் அறிக்கையைக் கையிலெடுத்தார் கொலன்சோ. மோசேயின் ஏட்டை எப்படிப் படித்தாரோ அப்படியே படித்தார். இந்தச் சாட்சி இங்கே இப்படிச் சொல்கிறான். அங்கே வேறுவகையாகச் சொல்கிறான். இந்தத் தேதியும் அந்தத் தேதியும் பொருந்தவில்லை. இந்த வாக்குமூலம் பிறகு சேர்த்தது. ஜூலு மொழியறிந்தவர் ஆதலால் சாட்சிகளை நேரில் கேட்டறிந்தார். நெடுநாள் நண்பரும், சுதேசி மக்கள் துறைத் தலைவருமான ஷெப்ஸ்டனின் நட்பு முறிந்தது. மறை ஆராய்ச்சிக்காகக் கிரே சினந்தபோது அவர் பக்கம் நின்ற வெள்ளைக் குடியேறிகள், இப்போது முகம் திருப்பிக்கொண்டனர். ஆகமங்களில் கைவைத்தபோது பொறுத்தவர்கள், ஆட்சியில் கைவைத்தபோது பொறுக்கவில்லை! கொலன்சோ இலண்டன் சென்று முறையிட்டார். ஆளுநர் பைன் திருப்பி அழைக்கப்பட்டார். 1875-இல் தலைவரும் தீவிலிருந்து கேப்டவுனுக்கு அருகில் மாற்றப்பட்டார்.

1879 ஜனவரி 22-இல் இசாண்டில்வானாவில், தம் நாட்டுக்குள் புகுந்த ஆங்கிலப் படையை ஜூலு வீரர் முறியடித்தனர். நேட்டால் அலறியது, பழிவாங்கத் துடித்தது. இறைவன்முன் தாழ்ந்து வேண்டும் நாளொன்று மார்ச்சில் குறிக்கப்பட்டது. அன்று பீட்டர்மாரிட்ஸ்பர்க் கோயிலில் மேடையேறினார் பேராயர். எடுத்துக்கொண்ட பகுதி, எபிரேயத் தீர்க்கன் மீகாவின் நூலிலிருந்து: நீதியைச் செய், இரக்கத்தை நேசி, இறைவன் முன் தாழ்மையாய் நட என்னும் கருத்துடையது. மாண்ட ஆங்கிலேயருக்காக இரங்கினார். மாண்ட ஜூலுக்களுக்காகவும் இரங்கினார். இந்தப் போரில் நாம் நீதி செய்தோமா, இரக்கம் காட்டினோமா என்று, கொதித்துக்கொண்டிருந்த கூட்டத்திடமே கேட்டார். மறையை மறுத்தவர் என்று தூற்றப்பட்டவர், மறையின் வரியைக்கொண்டே ஆட்சியை அளந்தார்.

1883 ஜூன் 20-இல் மறைந்தார் கொலன்சோ. அவருடைய நூலின் ஏழாம் பகுதி 1879-இலேயே வெளிவந்துவிட்டது. மகள் ஹாரியட் தந்தையின் பணியைத் தொடர்ந்தார். ஜூலு மன்னர் தினுசூலு மீது ஆட்சியாளர் வழக்குத் தொடுத்தபோது, சாட்சியங்களைத் திரட்டி, ஒப்பிட்டு, முரண்பாடுகளை எடுத்தெழுதியவர் அவரே.

எகுகான்யேனியில் ஓர் அச்சகம் இருந்தது. பேராயரின் பள்ளியில் படித்து, அங்கே எழுத்துக் கோத்த மகேமா ஃபூஸே என்னும் ஜூலு, தம் மக்கள் எங்கிருந்து வந்தனர் என்பதை முதியோர் வாய்மொழியிலிருந்து தொகுத்து, தம் தாய்மொழியிலேயே வரலாறாக எழுதினார். 1922-இல் அது நூலாக வெளிவந்தது. கறுப்பு மக்கள் என்பது அதன் பெயர்.